மகன் தலையில் சாமியின் சாமான்

என் மகனுக்கு ஐந்து வயதாகும்வரை நாங்கள் முடி வெட்டவில்லை. குளிப்பாட்டி விரித்துவிட்டால் இடுப்பைத் தொடும். பின்னால் இருந்து பார்ப்பவர்கள் பெண்பிள்ளை என்பார்கள். முன்னால் இருந்து பார்ப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறும் வெள்ளைக்காரக் கிழவிகள் குனிந்து கன்னத்தைத் தட்டி, என்ன வடிவான பெட்டைக்குஞ்சு என்று கொஞ்சுவார்கள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். நான் லிஃப்டின் நம்பர்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வடிவுக்காக விட்ட முடி அல்ல அது. எங்களுடைய முடியே அல்ல. கதிர்காமத்துக்கு நேர்ந்த முடி.

நான் பயந்த சுபாவம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டா, வீட்டில் உலை வைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். படித்தவர்கள் பயப்படுவதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். எனக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. ஒருவர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் எனக்கு அவர் செத்துப்போனார். வந்து கதவைத் தட்டினால் உயிர்த்தார். இப்படித் தினமும் எத்தனை பேரைச் சாகக்கொடுத்து எழுப்பியிருப்பேனோ தெரியாது. அந்தப் பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து நேர்த்தி வைப்பது. காய்ச்சலுக்கு ஒரு நேர்த்தி, பிரயாணத்துக்கு ஒன்று, சோதனை எழுதப் போகிற தம்பிக்கு ஒன்று.

முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தங்கியபோது, "இதை உயிரோட தா. முதல் முடியை உன்ர வாசலிலை கொண்டுவந்து இறக்கிறன்" என்று கதிர்காமத்துக் கந்தனுக்கு நேர்ந்துகொண்டேன். அப்போது நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தோம். பிள்ளை பிறந்தான். ஒன்பதாம் மாதம் மொட்டை போடலாம் என்றார்கள். எண்பத்திமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் அது. திருவிழாச் சனத்துக்குள் பிள்ளை நசிந்துபோவான் என்று நான் பயந்ததால், எல்லாம் முடிந்து ஆட்கள் குறைந்த பிறகு போவோம் என்று வைத்துக்கொண்டோம். முதல் முடி எடுக்கும்போது தாய்மாமன் மடியில்தான் பிள்ளை இருக்க வேண்டும். என் தம்பி அதற்கென்றே ஒரு புது வேட்டி வாங்கி வந்தான்.

"அக்கா, உவன் என்ர மடியிலை மூத்திரம் பெய்ஞ்சால் வேட்டியை நீங்கள்தான் தோய்ச்சுத் தரோணும்" என்று சொல்லிவிட்டு, அதை மடித்து என் பைக்குள் வைத்தான். கதிர்காமத்துக்கென்று கட்டிய பை. அதற்குள் கற்பூரம், துவாய், பிள்ளையின் மொட்டைத் தலையில் அரைத்துப் பூச ஒரு சந்தனக்கட்டை.

கொழும்பு எரிந்தது அந்த மாதம்தான். தமிழர் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு ஆட்கள் வர, நாங்கள் பின்வேலியால் ஓடும்போது கையில் அகப்பட்டது அந்தப் பை. தம்பி காலையில் வேலைக்குப் போனவன். திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வராது.

அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம், எண்பத்தைந்தில் ரொறன்ரோ. எல்லா இடத்துக்கும் அந்தப் பை எங்களோடு வந்தது. நான் சாமியோடு கதைப்பதை நிற்பாட்டிவிட்டேன். உன்னிடம் வருவதற்குத்தானே பையைக் கட்டினேன், ஒரு கிழமை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். பதில் இல்லை. பதில் சொல்லாத ஆளோடு என்ன கதை. விளக்கு வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் மீன் காய்ச்சினேன். முதல் வெள்ளிக்கிழமை சட்டியைத் திறந்து பார்த்த என் மனுசன், "உண்மையாத்தான் கோவம் போலை" என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் குழம்பு விட்டுச் சாப்பிட்டார்.

விசுவாசம் அப்படிப் போய்விட்டது. பயம் போகவில்லை. அதுதான் கரைச்சல். சாமி இல்லை என்று நினைக்கிற அதே தலைதான், நேர்ந்த முடியில் கத்தரிக்கோல் பட்டால் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடும் என்றும் நினைத்தது. கதிர்காமம் போக வழியில்லை. போரும் கடலும் நடுவில். முடி வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்த நாட்களில் இங்கே நமக்கென்று பெரிய கோயில் இல்லை. பள்ளிக்கூட ஹோல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே சாமிப்படம் வைத்துப் பூசை செய்வார்கள். மனுசனின் வற்புறுத்தலுக்கு ஒருநாள் போனேன். அங்கே தேங்காயை யார் உடைப்பது என்று இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருந்த கொஞ்ச மனமும் விட்டுப்போனது. போனதுக்கு ஐயரிடம் முடி விசயத்தைக் கேட்டேன்.

"இஞ்சையே இறக்கலாம் பிள்ளை. எல்லா இடமும் அவன்தானே" என்றார் அவர். நல்ல மனிதர்.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அன்ரி தலையை நிமிர்த்தி, "ஐயர் சொல்லுவார். ஒருத்தருக்கு நேர்ந்ததை இன்னொருத்தருக்குக் குடுக்கேலாது, கண்டியோ. பிள்ளையின்ர தலையிலை இருக்கிறது சாமியின்ர சாமான். கவனமாப் பார்த்துக்கொள்" என்றா.

இரண்டு பதில் கிடைத்தால் எதைப் பிடித்துக்கொள்வேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து மகனின் தலையைத் தொடும்போதெல்லாம் வேறொருவரின் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவது போலத் தொட்டேன்.

*

மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தட்டில் உடுப்புத் தோய்க்கும் அறை. அங்கேதான் அந்தப் பஞ்சாபிப் பெண்ணைச் சந்தித்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவருக்கும் என் மகனின் வயதில் ஒரு மகன். உச்சியில் குடுமி முடிந்து, அதன் மேல் சின்னத் துணி கட்டியிருந்தான். என் மகனின் முடியை நான் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருடைய முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. அவர் என் மகனின் முடியைத் தொட்டுக் காட்டி, பிறகு விரலை மேலே, லைட் பூட்டியிருந்த கூரையைக் காட்டி, "கடவுளுக்கா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "கடவுளுக்கு."

பொய் இல்லை. ஆனால் அவர் தங்கள் சீக்கியக் கூட்டத்தில் ஒருத்தி என்று என்னை நினைத்துவிட்டார் என்பது எனக்கு லிஃப்டில் ஏறிய பிறகுதான் விளங்கியது. இறங்கிப் போய்ச் சொல்லலாம். எந்தச் சொல்லில் சொல்வது? நேர்த்தி என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் கதவில் தட்டு. அவர்தான். கையில் ஒரு மரச் சீப்பும் நீலத் துணித்துண்டும். "றப்பர் பாண்ட் கூடாது சிஸ்டர், முடி முறியும்" என்று என் மகனை நிலத்தில் இருத்தி, முடியைச் சிக்கெடுத்து, முன்னால் கொண்டுவந்து முறுக்கி, உச்சியில் ஒரு உருண்டையாக்கி, நீலத் துணியால் மூடிக் கட்டிவிட்டார். மகன் கண்ணாடியில் பார்த்தான். அவனுக்கு அந்தத் துணி பிடித்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் சீவிவிட, அவர் வந்து கட்டிவிட்டார். லிஃப்டில் அதன் பிறகு ஒருவரும் அவனைப் பெட்டைக்குஞ்சு என்று சொல்லவில்லை.

இப்படியாகத்தான் என் மகன் கிண்டர்கார்டனுக்கு ஒரு சீக்கியப் பிள்ளையாகப் போனான். டீச்சர் மிகவும் மரியாதையான பெண். முதல் நாளே வகுப்பில், இந்த இரண்டு பிள்ளைகளின் முடியும் அவர்களின் சமயத்துக்குரியது, ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். மகன் வந்து சொன்னான். மனுசன் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கிவிட்டு, நாலு பேரோடு ஒரு காரில் வந்து இறங்கி, இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், நாரி நோவையும் மறந்து சிரித்தார்.

"யாழ்ப்பாணத்திலை சைவப்பிள்ளையாப் பிறந்து, கதிர்காமத்தானுக்கு நேர்ந்து, கனடாவிலை சர்தார்ஜியாப் படிக்கிறார் எங்கட ஆள்."

"கொழும்பிலை பிறந்தவன்" என்றேன்.

"அதையும் சேர்த்துக்கொள்ளும்."

காலையில் இரண்டு பிள்ளைகளையும் மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். கட்டட வாசலிலேயே பஸ் வரும். பஞ்சாபிப் பெண் மகனுக்குக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். நான் நிற்பேன். பஸ் சிக்னலுக்குப் போய், அங்கே நின்று, பச்சை விழுந்து, வலப்பக்கம் திரும்பி மறையும்வரை நிற்பேன். மறைந்த பிறகும் நிற்பேன். சத்தம் ஏதும் கேட்கிறதா என்று.

"உள்ளுக்கு வாங்கோ சிஸ்டர், குளிர்" என்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து அவர் கூப்பிடுவார்.

*

எண்பத்தெட்டாம் ஆண்டு பனி கரையத் தொடங்கிய நேரம், வகுப்பில் பேன் பரவியது. ஸ்கூல் நேர்ஸ் எல்லாப் பிள்ளைகளின் தலையும் பார்த்து, பேன் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினா. எங்கள் இரண்டு பேரின் மகன்மாரும் முதல் ஆட்கள். முற்றாகப் போன பிறகுதான் திரும்பி வரலாம் என்று சொன்னார்கள்.

எனக்கு வந்த பதற்றம் சொல்லி மாளாது. நான் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்கிற வேலை. தலையில் வலை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். என் தலைக்கும் வந்துவிட்டால்? மருந்துக் கடையில் ஷாம்பு வாங்கிப் போட்டேன். டெலிபோனில் ஒருத்தி வேப்பெண்ணெய் பூசச் சொன்னா. ரொறன்ரோவில் வேப்பெண்ணெய்க்கு நான் எங்கே போவேன். மனுசனோடு வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரர் மயனேஸ் பூசச் சொன்னாராம். பாணுக்குப் பூசுகிறதைப் பிள்ளையின் தலைக்குப் பூசி, பிளாஸ்டிக் பையால் கட்டி, டிவிக்கு முன்னால் இருத்தினோம். வீடெல்லாம் சாண்ட்விச் மணம். பேன்களுக்கு அது பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

"சாமியின்ர சாமானிலை இப்ப வாடகைக்கு ஆக்கள் வந்திருக்கினம்" என்றார் மனுசன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை பஞ்சாபிப் பெண் தன் மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பல்கனிப் பக்கம் வெளிச்சம் நல்லாக விழும். இரண்டு பிள்ளைகளையும் பழைய பேப்பர் விரித்து இருத்தி, ஆளுக்கொரு பேன் சீப்போடு பின்னால் இருந்தோம். நாள் முழுக்க அதுதான் வேலை. நடுவில் தேத்தண்ணி, பிள்ளைகளுக்கு பிஸ்கட்.

அன்றைக்கு நான் ஒன்றைக் கவனித்தேன். அதைக் கவனிப்பதற்கு எனக்கு அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அவர் தன் மகனின் முடியைக் கையில் எடுக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். பாட்டுமில்லை, பேச்சுமில்லை. பிரார்த்தனை. அதற்கு ஒரு தாளம் இருந்தது. சீப்பு அந்தத் தாளத்துக்கு இறங்கும். மகன் அவருடைய முழங்காலில் சாய்ந்து அரை நித்திரையில் இருந்தான். பேன் அகப்பட்டால் "ஆ, வா வா" என்று சிரித்துக்கொண்டு எடுத்துப் பேப்பரில் போடுவார்.

என் கையிலோ சீப்பு பறந்தது. இழுத்தேன், நிறுத்தினேன், தலையைத் திருப்பினேன், வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஒரு முடி சீப்போடு கழன்று வந்தால்கூட அதை எடுத்துத் தனியாக வைத்தேன். என் மகன் தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தான். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அவன் தலை சீவும்போது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறான்.

எண்பத்திநாலில் சீக்கியருக்கு எதிரான டெல்லிக் கலவரத்தில் பஞ்சாபிப் பெண்ணின் அண்ணன் வீட்டையும் எரித்திருந்தார்கள். அதை அவர் எனக்கு முன்பொரு நாள் சொல்லியிருந்தார். தோய்க்கும் அறையில், சொல் கிடைக்காமல், நெருப்புக்குச்சி உரசுவது போலக் கையால் காட்டி. நானும் அதே கையைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் உடுப்புச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவருக்கும் நெருப்புத்தான், எனக்கும் நெருப்புத்தான். அதற்குப் பிறகும் அவர் கையில் இருந்தது அன்பு. என் கையில் இருந்தது பயம். ஒரே மாதிரிச் சீப்பு, ஒரே மாதிரி முடி. கடவுளுக்கா என்று அவர் கேட்டபோது நான் ஓம் என்றேனே, அது பொய்தான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. என் மகனின் தலையில் நான் கடவுளை வளர்க்கவில்லை.

*

பஞ்சாபிப் பெண்ணின் மகன் அடுத்த கிழமை பள்ளிக்கூடம் போய்விட்டான். எங்கள் ஆளை நேர்ஸ் பார்த்துவிட்டு மறுபடி திருப்பி அனுப்பினா. இன்னும் ஈர் இருக்கிறது என்று.

சனிக்கிழமைக் காலை. நான் சீப்பை எடுத்துக்கொண்டு வர, மகன் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றான்.

"அம்மா, வேண்டாம். நோகுது. வெட்டி விடுங்கோ."

"வெட்டக்கூடாது அப்பன். அது சாமிக்கு."

"சாமி நோ சொன்னவரோ?"

குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த மனுசன் எட்டிப் பார்த்தார். "பதில் சொல்லும். நோ சொன்னவரோ?"

"சும்மா இருங்கோ."

"நான் சும்மாதான் இருக்கிறன். நீர்தான் அவரோட கதைக்கிறேல்லை எண்டு இவ்வளவு காலமா மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறீர். கதைக்காத ஆளிட்டை என்ன பர்மிஷன்?"

"கதைக்காட்டிலும் அவரின்ர சாமான் எங்களிட்டை இருக்கெல்லோ."

"அப்ப வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். எங்கட அட்ரஸ் மாறினது அவருக்குத் தெரியாதாக்கும்."

நான் அழத் தொடங்கினேன். மனுசன் கோப்பையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். அவர் பகிடி விடுகிற ஆள்தான். ஆனால் எங்கே நிற்பாட்ட வேண்டும் என்று தெரிந்தவர்.

"என்ன பயம் உமக்கு? சொல்லும்."

"இவனுக்கு ஏதும் வந்தால்?"

"முடி இருக்கேக்கைதானே எல்லாம் வந்தது" என்றார் மெதுவாக. "நேர்ந்துபோட்டு, பையும் கட்டி வைச்சிருக்கேக்கைதானே வந்தது. முடி என்னத்தை மறிச்சது?"

தம்பியின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. நான் சீப்பை நிலத்தில் வைத்தேன். மகன் சோபாவுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டி, மூக்கால் வழிவதை நக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தான். பாவமாக இருந்தது. அவனைப் பார்க்க அல்ல, அந்தத் தலையைப் பார்க்க. அவ்வளவு பாரத்தை அதில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

"வெட்டுங்கோ" என்றேன். "நான் பிடிக்க மாட்டன்."

குசினி நடுவில் கதிரையைப் போட்டு, கீழே பேப்பர் விரித்து, மனுசன் கத்தரிக்கோலும் தன்னுடைய சேவ் எடுக்கும் றேசரும் கொண்டுவந்தார். மகன் ஏறி இருந்தான். முடியை அவிழ்த்துவிட்டேன். அந்த நேரம்தான் கதவு தட்டுப்பட்டது. நான் மறந்தே போனேன். சனிக்கிழமைகளில் பேன் பார்க்க வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

பஞ்சாபிப் பெண் சீப்பும் எண்ணெய்ப் போத்தலுமாக உள்ளே வந்து, கதிரையைப் பார்த்தார். மனுசன் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அவர்களுக்கு முடி வெட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இத்தனை மாதத்தில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்த ஆங்கிலமெல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்தது. நாங்கள் உங்கள் ஆட்கள் இல்லை, இது வேறு கடவுள், தூரத்துக் கோயில், போக முடியாது, சொல்லத் தெரியவில்லை, ஐ ஆம் சொறி, சொறி சிஸ்டர்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"உங்கள் மகன் சொன்னான். முதல் கிழமையே. காட்டுக்குள் ஒரு கடவுள் இருக்கிறாராம். மயில் வைத்திருக்கிறாராம். அவருக்குக் கொடுக்க வேண்டுமாம். விமானம் இல்லாததால் காத்துக்கொண்டு இருக்கிறீர்களாம்."

மனுசன் மகனைப் பார்த்தார். மகன் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தான்.

"தெரிந்தும் ஏன் ஒவ்வொரு நாளும் கட்டிவிட்டீர்கள்?"

அவர் தோளைக் குலுக்கினார். "கடவுளுக்கு என்றீர்களே."

இதைச் சொல்லிவிட்டுச் சீப்பையும் போத்தலையும் மேசையில் வைத்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். மனுசன் கத்தரிக்கோலைத் தலைக்குக் கிட்டக் கொண்டுபோக, மகன் குளிர் இரும்பு பட்டதும் பயந்து தலையை அங்குமிங்கும் திருப்பினான். "ஆட்டாதை ராசா, காது போகும்" என்று மனுசன் கத்த, அவன் இன்னும் கூட ஆட்டினான். எனக்குக் கிட்டப் போகத் துணிவில்லை.

பஞ்சாபிப் பெண் மகனைத் தூக்கிவிட்டு, தான் அந்தக் கதிரையில் இருந்து, அவனைத் தன் மடியில் இருத்தினார். ஒரு கையால் அவன் நாடியை நிமிர்த்திப் பிடித்தார், மற்றக் கையால் இடுப்பை அணைத்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கத்தரிக்கோலை அவர் பார்க்கவில்லை. கடைசிவரைக்கும் பார்க்கவில்லை. வாய் மட்டும் அந்தப் பழைய முணுமுணுப்பைத் தொடங்கியது. மகனின் தோள் இறங்கியது. அவன் ஆடாமல் இருந்தான்.

அது தாய்மாமன் மடி என்று அவருக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தை நான் அவருக்குச் சொன்னதில்லை. மகனுக்கும் அது தெரியாது. மனுசனுக்குத் தெரியும். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிவிட்டு, முடியில் கத்தரிக்கோலை வைத்தார்.

முடி பேப்பரில் விழுந்தது. நீளம் நீளமாக, கறுப்பாக. நான் எதற்காகவோ காத்துக்கொண்டு நின்றேன். ஃபிரிட்ஜ் உறுமியது. மேல்வீட்டில் யாரோ நடந்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

றேசர் வேலையும் முடிந்த பிறகு நான் அறைக்குள் போய் அலுமாரியின் அடியில் இருந்து அந்தப் பையை எடுத்தேன். வேட்டியைத் தொடவில்லை. சந்தனக்கட்டையை மட்டும் எடுத்தேன். உரைக்கிற கல் இல்லை. குசினிச் சிங்குக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கம் மினுக்கமில்லாமல் சொரசொரவென்று இருக்குமே, அதில் தண்ணி விட்டு உரைத்தேன். அவ்வளவு காலமும் பூட்டிக் கிடந்த கட்டை. மணம் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. மயனேஸும் ஷாம்பும் மணத்த அந்த வீட்டில் மெல்ல எழும்பியது.

வெள்ளை வெளேரென்ற அந்தச் சின்ன மொட்டையில் என் கையால் பூசினேன். "கூலா இருக்கு அம்மா" என்று நெளிந்து சிரித்தான். பஞ்சாபிப் பெண் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவன் தலையில் மூக்கை வைத்து மணந்தார்.

"நல்ல மணம்" என்றார். மடியில் இருந்து அவனை இறக்கவில்லை.

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். அழவில்லை. நெஞ்சுக்குள் கனகாலமாகக் கட்டிப்போய் இருந்த ஒன்று அந்த மணத்தோடு இளகியது. அருள் என்கிற சொல்லைக் கோயில்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதை என் குசினியில், பேன் விழுந்த பழைய பேப்பர்களுக்கு நடுவில், ஒரு பஞ்சாபிப் பெண்ணின் சல்வாரில் முடி ஒட்டிக்கிடக்கப் பார்ப்பேன் என்று நினைத்திருக்கவில்லை. இப்போதும் எனக்கு அதற்கு வேறு சொல் தெரியாது.

மிச்சம் இருந்தது முடி. பேன் உள்ள முடியை வீட்டில் வைத்திருக்க முடியாது. பேப்பரோடு சுருட்டிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினோம்.

"கதிர்காமத்துக்கு எயார் மெயிலிலை அனுப்புவமோ?" என்றார் மனுசன். "ஆக்களோட சேர்த்து?"

இந்த முறை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்பாட்ட முடியாத சிரிப்பு. பஞ்சாபிப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்காமலே அவரும் சேர்ந்து சிரித்தார்.

பையை நானே கொண்டுபோனேன். எங்கள் தட்டில் லிஃப்டுக்குப் பக்கத்தில் குப்பை போடுகிற துவாரம். இரும்பு மூடியைத் திறந்து பையை வைத்தேன். கை விட மறுத்தது. இது எவ்வளவு காலம் நான் காத்த சாமான். ஆற்றில் விட வேண்டியது, கோயில் வாசலில் இறக்க வேண்டியது. பிறகு நினைத்தேன், இந்தக் கட்டடம் முழுக்க இருக்கிற சனங்களின் சாப்பாட்டு மிச்சமும் பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றிய நப்பியும் இதற்குள்ளால்தான் போகிறது. அவருக்குத் தெரியாத இடமா என்ன. அன்றைக்குத்தான் அத்தனை வருடத்துக்குப் பிறகு அவரோடு கதைத்தேன். ஒரு வசனம்தான். "இந்தாரும், உம்மட சாமான்" என்றேன்.

மரியாதை கொஞ்சம் குறைவுதான். கோவம் முழுக்கப் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை.

பை தட்டுத் தட்டாக மோதிக்கொண்டு கீழே போனது. ஆக அடியில், மற்றக் குப்பைகளுக்கு மேல், சத்தமில்லாமல் விழுந்தது.

*

பயம் அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இரவு எழும்பி அவன் மூச்சைப் பார்த்தேன். அடுத்த கிழமை அவன் ஒரு தரம் தும்மியபோது எனக்குக் கதிர்காமமே கண்முன் வந்தது. தும்மல் தும்மலோடு போனது.

திங்கட்கிழமை பஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். மொட்டையில் கம்பளித் தொப்பி நிற்கவில்லை, வழுக்கிக் கண்ணை மூடியது. டீச்சர் என்ன நினைத்திருப்பாரோ. மதம் மாறிவிட்டோம் என்று நினைத்திருப்பார். கேட்கவில்லை, நல்ல பெண். பஸ்ஸில் ஏறியதும் மகன் தொப்பியைக் கழற்றிவிட்டான். பஞ்சாபிப் பெண்ணின் மகன் பக்கத்து சீட்டில் இருந்து, வகுப்பில் இத்தனை நாள் ஒருவரும் தொடக்கூடாதென்று சொல்லியிருந்த அந்தத் தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பிறகு முன்சீட்டுப் பிள்ளை தடவியது. பிறகு இன்னொரு கை. கண்ணாடிக்குப் பின்னால் என் மகன் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருந்தான்.

பஸ் நகர்ந்தது.

"தேத்தண்ணி வைத்திருக்கிறேன் சிஸ்டர்" என்றார் பஞ்சாபிப் பெண், கதவைத் திறந்து பிடித்தபடி. "ஏலக்காய் போட்டது. வாங்கோ, குளிர்."

பஸ் சிக்னலில் நின்றது. சிவப்பு இன்னும் மாறவில்லை. நான் அவரோடு உள்ளே போனேன்.